சங்கற்ப நிராகரணமும் குற்றங்காணுங் கண்ணும்

ஒருவன் பிறன்மாட்டு எக்குற்றத்தை மிகுதியும் கடிந்து பேசுகின்றானோ அக்குற்றமே அவன்மாட்டும் உளதாதலை உலகத்திற் பலகாற் காண்கின்றோம். ஈயா இயல்பினன் அயலானை உலோபி என்கின்றான். மேடைதோறும் பொன்னாடையை எதிர்நோக்கும் நாவலன் மற்றொரு நாவலனைப் புகழ்விரும்பி என்று இகழ்கின்றான். ஓரிடத்துப் பேச்சைப் பிறிதோரிடத்துக் கொண்டு சேர்ப்பவன் ‘அவர் புறங்கூறும் இயல்பினர்’ என்பதனையே நம் செவியிற் புறமாகக் கூறிச் செல்கின்றான். ‘நின்பால் அஃதில்லையோ?’ என்று வினவினாலோ வெகுளி கொள்கின்றான்.

இதனை வெறும் வஞ்சகம் என்று சொல்லி விடுவார் பலர். யானும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தேன். ஆயின் வஞ்சகன் என்பான் தன் குற்றத்தைத் தான் அறிந்து பிறர் அறியாமல் மறைப்பவன். ஈண்டுக் கூறப்பட்டவனோ தானே அறியாது மறுப்பவன். அவன் முகத்தை உற்று நோக்குமின். பொய் கூறுவான்பால் உளதாகும் கரப்பு அங்கில்லை. தன்பால் அஃதில்லை என்றே அவன் மெய்யாக நம்புகின்றான். பிறர்பால் அணுவளவினதாயினும் காணும் கண், தன்பால் மலையளவினதாயினும் காணாதொழிவது எற்றால்? இவ்வினாவிற்கு விடை நம் சாத்திரங்களிற் செவ்விதின் உளது. அதனினும் ஒரு நூலின் அமைப்பிலேயே உளது. அந்நூல் உமாபதி சிவாசாரியார் அருளிய சங்கற்ப நிராகரணம்.

மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் காலம் ஐயமின்றித் தெரிந்த நூல் இஃது. சகாத்தம் 1235 என நூலின் முகத்தே ஆசிரியரே குறித்தருளினார். அது கிறித்து ஆண்டு 1313 ஆகும். மாயாவாதி முதலாகச் சைவவாதி ஈறாக ஒன்பது சாரார் இந்நூலில் வருகின்றனர். மாயாவாதி ஒருவன் நீங்கலாகப் பெரும்பாலார் சிவபெருமானையே முதல்வனாகக் கொண்டு, உயிர் மலம் முத்தி என்பவற்றின் இயல்பு கூறுமிடத்துப் பிணங்குவோர். சித்தியார் பரபக்கத்திற் போலப் புறத்தே தொலைவில் நிற்பவர் அல்லர். நம் திண்ணையிலேயே அமர்ந்திருப்பவர். அயலூரான் குற்றத்தினும் அடுத்த வீட்டான் குற்றமே நமக்குப் பெரிதாகத் தோன்றும் என்பதனை இதனோடு நினைத்துக்கொள்க.

இனி, நூலின் அமைப்பு நோக்கற்பாலது. ஒருவன் தன் கொள்கையை நிறுவுகின்றான், அது சங்கற்பம். அதனை மறுக்க எழுபவன் சித்தாந்தி அல்லன், அடுத்த கொள்கையினன். மாயாவாதியை ஐக்கியவாதி மறுத்துத் தன் கொள்கையை நாட்டுகின்றான். ஐக்கியவாதியைப் பாடாணவாதி மறுக்கின்றான். பாடாணவாதியைப் பேதவாதி மறுக்கின்றான். இவ்வாறு சங்கிலிபோல நூல் செல்கின்றது. எனவே ஒவ்வொருவனும் ஒருகாற் குற்றங் காண்பவனாகவும், மறுகணமே குற்றங் காணப்படுபவனாகவும் நிற்கின்றான். எதிரியின் குற்றத்தைக் காட்டும் பொழுது அவன் வாக்குக் கூர்மையும் தெளிவும் உடையதாய் இருக்கின்றது. தன் கொள்கையைக் கூறத் தொடங்கிய அளவிலே அக்கூர்மை எங்கோ போய்விடுகின்றது.

ஐக்கியவாதியையே எடுத்துக்கொள்வோம். பிரமம் ஒன்றே உள்பொருள், உலகம் மயக்கத் தோற்றம் என்னும் மாயாவாதியை நோக்கி, அறிவே வடிவாகிய பொருளுக்கு அறியாமை எங்கிருந்து வந்தது, ஒன்றே உளதாயின் மயங்குவது யார் என்று கடாவுதல் சைவ மரபிற் பயின்றதொரு தடை. மிக நல்ல தடை. இன்றளவும் நாம் எடுத்தாளுகின்றோம். ஆயின் ஐக்கியவாதியின் சொந்தக் கொள்கை யாது? உயிர்க்கு மாயை கன்மம் என்னும் இரண்டு மலங்களே உண்டு, ஆணவம் என்று ஒன்றில்லை என்பது. அறியாமையெல்லாம் மாயையின் செயலே என்பன் அவன். அங்ஙனமாயின், இயல்பிலே மாசற்றதாகிய உயிரை மாயையும் கன்மமும் வந்து பற்றுதற்குக் காரணம் யாது? மாசற்றதற்கு மாசு எங்கிருந்து வந்தது? இது மாயாவாதியை அவன் கேட்ட அதே வினா! ஒரு சொல்லும் மாற்ற வேண்டுவதில்லை. மாயாவாதியின் நெற்றியில் ஒட்டிய ஓலை ஐக்கியவாதியின் முதுகிலும் ஒட்டியிருக்கின்றது. அதனைப் படிக்கப் பாடாணவாதி வரவேண்டியதாயிற்று.

ஆணவத்தை நன்கு வலியுறுத்துகின்ற பாடாணவாதியோ முத்தியிலும் அது நீங்காதென்றும், உயிர் கல்லைப்போல் உணர்வின்றிக் கிடக்கும் என்றும் கூறி மறுகரையில் வீழ்கின்றான். சிவத்தோடு ஒன்றாய்க் கரைந்தொழிந்த உயிர்க்கும் இன்ப நுகர்ச்சி இல்லை. கல்லாய்க் கிடக்கும் உயிர்க்கும் இல்லை. எதிர் எதிர் வழியே சென்ற இருவரும் ஒரே குழியில் வந்து சேர்கின்றனர். இதற்கு மேலும் ஒன்பது சாராரிடத்தும் இவ்வொப்புமையை இழுத்துப் பொருத்துதல் எளிதாயினும் யான் அது செய்யேன். சில இடங்களில் எதிரியின் குற்றமும் தன் குற்றமும் வேறு வேறாகவே உள்ளன. பொருந்துமிடத்துக் கொண்டு, பொருந்தாவிடத்து விடுதலே முறை.

மடத்திற் பாடங் கேட்ட காலத்தே, ‘ஆசிரியர் ஏன் இவ்வாறு அமைத்தார்?’ என்று எங்களுள் ஒருவர் வினவினார். முள்ளை முள்ளால் எடுத்தாற்போல, எதிரிகளை ஒருவரோடொருவர் மோதவிட்டுத் தாம் எளிதின் வென்றார் என்று மற்றொரு மாணவர் விடையிறுத்தார். அனைவரும் நகைத்தோம். பாடஞ் சொன்ன தம்பிரான் சுவாமிகள் நகைத்திலர். ‘அவ்வளவே கருத்தாயின் ஒரு வரியிற் கூறி முடித்திருப்பார், மறுப்பவனையும் மறுக்கப்படுபவனையும் ஓராளாக நிறுத்திக் காட்ட வேண்டுவதில்லை’ என்று மட்டும் கூறி, மேற்பாடத்திற்குச் சென்றார். அம்மறுமொழியின் ஆழம் ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழிந்த பின்னரே எனக்குப் புலனாயிற்று.

ஈண்டு ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். ஐக்கியவாதி தானும் குற்றமுடையன் என்பதனால் மாயாவாதிமேல் அவன் காட்டிய குற்றம் பொய்யாகிவிடவில்லை. அத்தடை தடையே. அதனைச் சித்தாந்தியும் கொள்ளுகின்றான். ஆகலின், ஒருவர் நம் குற்றத்தை எடுத்துக் காட்டியவழி, ‘நீர் மட்டும் ஒழுங்கோ?’ என்று மடக்குதல் விடையாகாது. அது தருக்க நூலார் முறையன்று, சந்தைக்கடை முறை. சொல்பவன் தகுதி வேறு, சொல்லப்பட்ட பொருளின் வாய்மை வேறு. இக்காலத்துச் சமய வாதங்களிற் பாதி, இவ்வேறுபாட்டை அறியாமையாலேயே நீண்டுகொண்டு போகின்றன.

இனிக் காரணம் ஆராய்வாம். ஆணவத்தை இருளோடு உவமித்தல் நூன் மரபு. அவ்வாறு உவமித்த உமாபதி சிவமே திருவருட்பயனில் அவ்வுவமைக்கு ஒரு வரம்புங் கட்டினார். புறவிருள் ஏனைப் பொருள்களை மறைப்பினும், ‘யான் இருள்’ என்று தன்னையேனும் காட்டிநிற்கும். இருட்டறையில் இருப்பவன் தான் இருட்டில் இருத்தலை அறிவான். ஆணவ இருளோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இதுவே அவர் கருத்து. இஃதொன்றே நம் வினாவிற்குப் பாதி விடை. தன்னைக் காட்டாத ஒன்றை உடையவன், ‘என்பால் அஃதில்லை’ என்று கூறுதல் வியப்பன்று. ஐக்கியவாதி ஆணவம் என்று ஒன்றில்லை என்றது அறிவின்மையால் அன்று. ஆணவம் தன்னை அவனுக்குக் காட்டாமையால் என்க. அதன் செயலை அவன் உணராமலில்லை. உணர்ந்து அதற்கு மாயை என்று வேறு பெயரிட்டான்.

இப் பெயரிடுதலிலேதான் சூழ்ச்சியெல்லாம் இருக்கின்றது. பிறன் கையை மூடினால் உலோபம், யான் மூடினால் செட்டு. பிறன் சினந்தால் கொடுமை, யான் சினந்தால் கண்டிப்பு. பிறன் தலைநிமிர்ந்தால் செருக்கு, யான் நிமிர்ந்தால் தன்மதிப்பு. குற்றம் ஒன்றே, பெயர் இரண்டு. தன் குற்றத்தை மறுப்பவன் பெரும்பாலும் செயலை மறுப்பதில்லை; பெயரையே மறுக்கின்றான்.

மற்றைப் பாதி விடை யாது? ஆணவம் எல்லாவற்றையும் மறைக்குமாயின், பிறர் குற்றத்தையும் அன்றோ மறைத்தல் வேண்டும். அது மட்டும் விளங்கித் தோன்றுதல் யாங்ஙனம்? அற்றேல், கேவலத்தில் உயிர் ஒன்றும் அறியாது கிடக்கும்; சகலத்தில் மாயையின் காரியமாகிய தனு கரணங்களைப் பெற்றுச் சிறிதே அறியும். விடியுங்காறும் பயன்படும் விளக்குப் போல்வது மாயை என்பது திருவருட்பயன் துணிபு. அவ்விளக்கின் ஒளி புறநோக்கிப் பாய்வது. கண் எதிரே உள்ளதைக் காணும், தன்னைக் காணாது. மனம் முதலிய அந்தக்கரணங்களும் புறப்பொருளைப் பற்றியே தொழிற்படுகின்றன. எங்கள் தம்பிரான் சுவாமிகள், ‘விளக்கின் அடியில் இருள்’ என்னும் பழமொழியை இவ்விடத்துக் கூறுவார். அறை முழுதும் வெளிச்சம். விளக்குத்தண்டின் அடியில் மட்டும் ஒரு வட்டம் இருட்டு. அவ்வட்டத்தில் இருப்பவன் யான். எதிர்ச்சுவரில் உள்ள கறை எனக்கு நன்கு தெரிகின்றது. என் மடியில் உள்ள கறையும் அதுவே ஆயினும் தெரிகின்றிலது.

இதனை யான் நூலாற் கற்றதினும் கண்ணாற் கற்றது மிகுதி. அறுபத்திரண்டாம் அகவையில் என் இரு கண்களிலும் புரை வளர்ந்தது. அது மெல்ல மெல்ல வளர்வதாகலின் வளர்ந்ததை யான் அறிந்திலேன். அவ்வாண்டில் எனக்கு வந்த நூல் ஒன்றைப் புரட்டிப் பார்த்து, தாள் மட்டமானது, மஞ்சள் பாரித்தது, மை நீர்த்தது, எழுத்துத் தேய்ந்தது என்று அச்சிட்டோர்க்கு நீண்டதொரு கடிதம் வரைந்தேன். பிள்ளைகள், ‘ஐயா, தாள் வெள்ளையாகத்தான் இருக்கின்றது’ என்றனர். ‘உங்களுக்கு என்ன தெரியும்’ என்றேன். சில திங்கள் கழித்து மருத்துவர் புரையை அகற்றி வில்லை பொருத்தினார். வீடு வந்து அந்நூலை எடுத்து விரித்தேன். தாள் பால்போல் வெண்மை. எழுத்துக் கன்னங்கரேல் என்றிருந்தது. கடிதத்திற்கு விடை எழுதாத அச்சகத்தாரின் பொறுமையை நினைந்து நாணினேன்.

மலத்தைக் கண்ணிற் படலத்தோடு உவமித்து, படலம் என்பது ஒரு பொருளாகலின் ‘யான் நோயுடையேன்’ என்று அறிந்த அளவில் நீங்காது, மருத்துவன் கைத்தொழிலாலேயே நீங்கும். அதுபோல மலமும் தீக்கையால் நீங்கும் என்பர் சைவாகமம் வல்லோர். எத்தனையோ முறை மாணாக்கர்க்கு இவ்வுவமையை விரித்திருக்கின்றேன். படலம் தன்னைக் காட்டாமையே அன்றி, தன் குறையைத் தாளின்மேல் ஏற்றியும் காட்டும் என்பதனை அன்றுவரை நினைந்திலேன். கண்ணின் மஞ்சளைத் தாளின் மஞ்சளாகக் கண்டேன். பிறர்பாற் காணும் குற்றம் சில வேளை அங்கேயே உள்ளது. சில வேளை நாம் கொண்டுபோய் வைத்தது. எது எதுவென்று படலமுடைய கண் தானே தேர்ந்துகொள்ள மாட்டாது. ஆகலின் பிறனொருவன் வேண்டும்.

நம் சந்தானாசாரியர் வரலாறு இரண்டினை இங்கே நினைத்தல் தகும். திருவெண்ணெய்நல்லூரில் இளம் பருவத்து மெய்கண்டார் அடியார்க்குப் பொருள் விளக்கி வந்த காலத்தே, அக்குடிக்குப் பரம்பரைக் குருவும் சகலாகம பண்டிதர் என்னும் பெரும்பெயரினருமாகிய அருணந்தியார், தம் மாணாக்கரும் அவர்பாற் செல்வது கண்டு பொறாராய் வந்து, ஆணவ மலத்தின் வடிவம் யாது என்று வினவினார். மெய்கண்டார் சொல்லால் விடையிறுத்திலர். வினவி நின்றாரது நிலையையே குறிப்பாற் காட்டியருளினார். இதுவே அதன் வடிவம் என்பது பெறப்பட்டது. அருணந்தியார் அடியில் வீழ்ந்தார் என்பது மரபிற் கேட்கும் செய்தி.

இதன்கண் நாம் பெரும்பாலும் மெய்கண்டாரின் மாட்சியையே வியக்கின்றோம். யான் இப்பொழுது அருணந்தியாரையே வியக்கின்றேன். ஆகமமெல்லாம் கற்றவர், வயது முதிர்ந்தவர், தம் மாணாக்கர் முன்னிலையில் இருந்தவர். ஓரிளைஞர் காட்டிய குறிப்பினைக் கண்டு, ‘என்னை அவமதித்தாய்’ என்று சினத்தற்கு வேண்டும் காரணமெல்லாம் அவர்பால் இருந்தன. அவர் சினந்திலர். வினாவின் விடையாகத் தாமே நிற்பதை அக்கணமே கண்டார். ஆணவத்தை ஏட்டிற் பொருளாகக் கற்றவர் அதனைத் தம் மேனியிற் பொருளாகக் கண்டது அன்றே. பதினான்கு புறச்சமயத்தாரையும் ஒருவர் பின் ஒருவராக மறுக்கும் பரபக்கத்தை அவர் பாடியது அதற்குப் பின். தமிழிற் பிறர் கொள்கைக் குற்றங்களை இத்துணை விரிவாக எடுத்துக் காட்டிய சைவ நூல் வேறின்மை அறிவோம். அதனைச் செய்தவர் முன்னர்த் தம் குற்றத்தைக் காட்டப்பெற்றவர்.

உமாபதி சிவத்தின் வரலாறும் அவ்வாறே. தில்லையில் வழிபாடு முடித்துச் சிவிகையேறிப் பகல்விளக்கு முதலிய சிறப்புக்களோடு வருங்கால், தெருவில் இருந்த மறைஞான சம்பந்தர், உலர்ந்த கட்டையின்மேற் பகற்குருடு ஒன்று செல்கின்றது என்னும் கருத்துப்பட உரைத்தார் என்ப. சிவிகையினின்றும் இறங்கி அவரைப் பின்தொடர்ந்து சென்றவர் இவர். பகலில் விளக்குப் பிடித்துச் செல்பவனைக் குருடன் என்றது எத்துணைப் பொருத்தம்! அச்சொல் தெருவிற் சென்ற அனைவர் செவியிலும் விழுந்திருக்கும். தமக்குரியதென்று ஏற்றவர் ஒருவரே. இவ்விறக்கம் நிகழ்ந்திராவிடின் சங்கற்ப நிராகரணம் எழுந்திராது. ஒன்பது சாராரையும் காண்பவராகவும் காணப்படுபவராகவும் இருநிலையில் நிறுத்தியவர், தாமும் அவ்விரு நிலையையும் பட்டறிந்தவர். தம்பிரான் சுவாமிகள் நகையாதிருந்தது இதுபற்றிப் போலும்.

திருவள்ளுவனாரும் இம்முறையையே வைத்தார். பிறர் குற்றங் காணுதலைப்பற்றி அவர் ஈரிடத்துப் பேசுகின்றார்: புறங்கூறாமை அதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 190-ஆவதில் ஒன்று, அரசர்க்கு ஓதிய குற்றங்கடிதலில் 436-ஆவது மற்றொன்று. முன்னையதில், அயலார் குற்றம் காணுமாறு போலத் தம் குற்றமும் காண வல்லராயின் உயிர்க்குத் தீங்கில்லை என்றார். பின்னையதில், தன் குற்றத்தை முன்னர் நீக்கிப் பின்னர்ப் பிறர் குற்றங் காண வல்லனாயின் அரசனுக்குக் குற்றம் இல்லை என்றார். இரண்டிடத்தும் காணுதல் என்னும் வினையை ஆற்றற் பொருள் தரும் இடைநிலை கூட்டியே அமைத்தமை உய்த்துணரற்பாலது. ‘கண்டால்’ என்னாது ‘காணும் ஆற்றல் உளதாயின்’ என்றமையின், அது யார்க்கும் எளிதிற் கூடுவதன்று என்பது போந்தது. பிறர் குற்றத்தைக் காணற்க என்றும் அவர் விலக்கிற்றிலர். கண்டு கடிதலே தொழிலாக உடைய அரசனும் ஆசிரியனும் திறனாய்வாளனும் காணாது விடின் தம் கடமையினின்று வழுவியவராவர். திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் சிவசமவாத உரை மறுப்பு முதலாய கண்டன நூல்கள் எழுதாதிருந்தாராயின் நமக்குத் தெளிவு ஏது? விலக்கப்பட்டது காணுதல் அன்று, முறைமாற்றிக் காணுதல்.

முறை மாறியவிடத்து நிகழ்வது யாதென்பதற்கு நம் சைவ உலகமே சான்று. இராமலிங்க அடிகள் பாடல்கள் 1867-இல் திருவருட்பா என்னும் பெயரால் அச்சேறின. ஆறுமுக நாவலர் அணியினர் அவற்றை மறுத்தெழுந்தனர். அன்று தொடங்கிய கண்டனப் போர் அவ்விரு பெரியோரும் மறைந்த பின்னரும், 1900-ஐக் கடந்தும் ஓயாது நடந்தது. அத்துண்டு நூல்களெல்லாம் இன்று ஒருங்கு தொகுத்து அச்சிடப்பட்டுள்ளன. அவற்றை முன்பின்னாக வைத்துப் படிப்பவர், எச்சார்பினர் எழுதியது எது என்பதனை வசைச்சொற்களைக் கொண்டு தேர்ந்தறிய மாட்டார். எதிர்த்தரப்பார் பயன்படுத்திய இழிசொற்களுக்கு மனம் நொந்து தொடங்கும் துண்டு நூல், அடுத்த பக்கத்தில் அதே இழிசொற்களை அடுக்குகின்றது. தம்முடையது சைவ நெறி காக்கும் ஆர்வம், எதிரியினுடையது பொறாமை. இரண்டு பெயர், ஒரே பொருள். இரு மருங்கிலும் அளவிறந்த கல்வியுடையார் இருந்தனர், திருநீறும் இருந்தது. கல்வி அவ்விடத்து உதவிற்றிலது. கல்வியும் மாயையின் விளக்கேயாகலின் அது எதிர்ச்சுவரையே காட்டிற்று. எதிர்த்தரப்பாரது பாடற்பொருளைப் பற்றிய தடைகளோவெனின், சில இன்றும் ஆராயத்தக்கன. அவை அவ்வசைமழையில் நனைந்து படிக்க ஒண்ணாதனவாய்ப் போயினமையே இழப்பு.

இவ்வளவும் எழுதுதற்கு உண்மைக் காரணம் ஒன்றுளது. அதனைக் கூறாது விடின் இக்கட்டுரையும் அத்துண்டு நூல்களோடு சேர்ந்ததாகும்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகட்கு முன்னர் இளைஞர் ஒருவர் பழைய சிறு பிரபந்தங்கள் சிலவற்றை ஏட்டுப் பிரதியினின்றும் எடுத்துக் குறிப்புரையோடு முதற் பகுதியாக வெளியிட்டார். அதற்கு மதிப்புரை எழுதுமாறு ஓரிதழினர் என்னைக் கேட்டனர். யான் எழுதியது மதிப்புரை அன்று, கண்டனம். ஏட்டிற் கண்ட பாடத்தைத் தம் விருப்பிற்கேற்ப ஐந்திடத்து மாற்றி, மாற்றினேன் என்று அடிக்குறிப்பும் இடாது பதித்தார் என்பது குற்றச்சாட்டு. அது மெய். அவ்வேட்டின் பெயர்த்தெழுதிய படி என்பால் இருந்தமையின் ஐயமறக் காட்டினேன். அவ்வளவோடு நிறுத்தியிருத்தல் வேண்டும். நிறுத்தாது, ‘இது பதிப்பு அன்று, களவு; முன்னோர் வாக்கிற் கைவைக்கும் துணிவு இத்தலைமுறைக்கு எங்ஙனம் வந்தது’ என்றெல்லாம் விரித்தேன். பலர் பாராட்டினர். யானும் மகிழ்ந்தேன். அவர் இரண்டாம் பகுதியை வெளியிடவில்லை.

கண் தெளிந்த பின்னர், யான் என் முப்பத்தைந்தாம் அகவையிற் பதிப்பித்த சிறு தலபுராணத்தை மறுபதிப்பிற்கு ஆயத்தஞ் செய்யும் பொருட்டு எடுத்தேன். மூலப் படியையும் அருகில் வைத்து ஒப்புநோக்கினேன். மூன்றிடத்து அச்சும் படியும் வேறுபட்டிருந்தன. அச்சுப்பிழையோ என்று முதலில் நினைத்தேன். அன்று, என் கையெழுத்தாலேயே படியில் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. அடிக்குறிப்பு ஓரிடத்தும் இல்லை. அப்பொழுதும் என் மனம் முதலிற் கூறியது யாது தெரியுமோ? ‘இவை மாற்றம் அல்ல, எழுதினோன் பிழைத்தவற்றின் திருத்தம்’ என்றது. ஐந்திடத்து அவர் செய்தது மாற்றம். மூன்றிடத்து யான் செய்தது திருத்தம்! அச்சொற்கள் இரண்டும் என் நாவில் அடுத்தடுத்து வந்து நின்ற பொழுதே ஐக்கியவாதி என் கண்முன் தோன்றினான்.

அம்மூன்றனுள் ஒன்று எதுகைப் பொருட்டுத் திருத்தியது. இன்றும் என் திருத்தமே நேரென்று எனக்குத் தோன்றுகின்றது. தோன்றுதல் வேறு, குறிப்பிடாமை வேறு. ஏனை இரண்டும் எனக்குப் பொருள் விளங்காமையால் எளிதாக்கியவை. பொருள் விளங்காமையை ஏட்டின் குற்றமாக எழுதிவைத்தேன். தாள் மஞ்சள் என்றதுபோல. அவ்விரண்டிடத்தும் மூலபாடமே சிறந்ததென்று இப்பொழுது காண்கின்றேன்.

‘அக்கண்டனத்தை மீட்டுக்கொள்வீரோ?’ என அன்பர் ஒருவர் வினவினார். மீட்டுக்கொள்ளுதல் இயலாது. ஐந்திடத்துப் பாடம் மாற்றப்பட்டது மெய்யே. யானும் குற்றமுடையேன் என்பதனால் அது பொய்யாகாது. களவு என்ற சொல்லை மட்டும் மீட்டுக்கொள்கின்றேன்; அல்லது, அச்சொல்லை அவர்க்கு உரியதாக்கிய அளவிற்கு எனக்கும் உரியதாக்குகின்றேன். அன்று யான் முறை மாறிக் கண்டேன். என் பதிப்பை ஒருமுறை எடுத்துப் பார்த்த பின்னர் எழுதியிருப்பேனாயின் அதே ஐந்து குறைகளையும் காட்டியிருப்பேன். ஆயின் அரைப்பக்கத்திற் காட்டியிருப்பேன். இரண்டாம் பகுதியும் வெளிவந்திருத்தல் கூடும்.

மறுபதிப்பில் மூன்று மூலபாடங்களும் அடிக்குறிப்போடு ஏறுகின்றன. முதற் பதிப்பின் படியொன்றில் அவ்விடங்களைச் செம்மையால் எழுதி, ஒரு கடிதத்தோடு அவ்விளைஞர்க்கு அஞ்சலில் விடுத்தேன். அவர் இப்பொழுது இளைஞர் அல்லர். என் கண்டனத்தில் மட்டுமே அவர் இன்னும் இளைஞராக இருக்கின்றார். விடை இன்னும் வரவில்லை. முதற் பதிப்பை வைத்திருக்கும் அன்பர்கள் அஞ்சலட்டை ஒன்று இவ்விதழ் முகவரிக்கு விடுத்தால், மூன்றிடத்தையும் குறித்து அனுப்புவேன்.